ஆய்வகத்துக்கு விருந்தாளியாகப் போகிறவர்களுக்கு: கோட்டும் கையுறையும் மட்டும் பாதுகாப்பு ஆகாது

போன மாதம் மார்த்தாண்டத்திலிருந்து ஒரு மாணவி வந்திருந்தாள். முதுகலை வேதியியல், இரண்டாம் ஆண்டு. புராஜெக்ட் வேலைக்காக வெளியூர் ஆய்வகம் ஒன்றில் இரண்டு மாதம் இருக்கப் போகிறாள். “எல்லாம் வாங்கியாச்சு சார். கோட், கிளவுஸ், கண்ணாடி, மாஸ்க். சேஃப்டிக்கு இது போதும்லா?” என்று கேட்டாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. பாதுகாப்பு என்றால் கடையில் வாங்குகிற சாமான் என்றோ, முதல் நாள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற தாள் என்றோதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பேராசிரியர்களிலேயே அப்படி நினைப்பவர்கள் உண்டு. நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரி ஆய்வகங்களில் வெகுகாலம் வேலை பார்த்தவன் நான். கடல்பாசி, தாதுமணல், ரப்பர் பால் என்று எதையாவது தேடி எங்களிடம் வந்து சில வாரம் இருந்துவிட்டுப் போன ஆய்வாளர்கள் நிறைய. அவர்களில் அடிபட்டவர்கள் வேதியியல் தெரியாமல் அடிபடவில்லை. அந்த அறையைத் தெரியாமல்தான் அடிபட்டார்கள். அவளுக்குச் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

வெளியூர்ப் படகும் முகத்துவாரமும்

குளச்சலில் முப்பது வருடம் கடல் தொழில் பார்த்தவர் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்குள் முதல்முறை படகை விடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன செய்வார்? உள்ளூர் ஆளைப் பிடித்து, மணல் எந்தப் பக்கம் ஏறிக் கிடக்கிறது, அலை எந்த இடத்தில் மடங்குகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வார். அந்த முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து படகுகள் கவிழ்ந்ததும் உயிர்கள் போனதும் அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரிந்த துயரம். முப்பது வருட அனுபவம் இருந்தாலும் இந்த முகத்துவாரத்தில் மணல் இன்று எங்கே கிடக்கிறது என்பதைக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

2024 மே மாதம் கணபதிபுரம் பக்கத்து லெமூர் கடற்கரையில், வெளியூரிலிருந்து வந்த மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி உயிரிழந்தார்கள். அன்று கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. கள்ளக்கடல் என்பது தூரத்துப் பெருங்கடலில் எழும் புயல் அனுப்பிவிடும் அலை. இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. வானம் தெளிவாக இருக்கும்போதே கடல் ஏறி வரும். உள்ளூர்க்காரருக்கு அந்தப் பெயராவது தெரியும். விருந்தாளியாக வந்தவருக்கு அதுவும் தெரியாது.

ஆய்வகமும் இப்படித்தான். இன்னொரு நிறுவனத்தின் ஆய்வகத்தில் கொஞ்சக் காலத்துக்கு வந்து வேலை செய்பவரை விருந்தினர் ஆய்வாளர் என்கிறோம். அவருக்கு அமிலம் தெரியும், கருவி தெரியும், கணக்கு தெரியும். கேஸ் மெயின் வால்வு எந்தச் சுவரில் இருக்கிறது, எந்த பிளக்கில் எர்த் சரியில்லை, ராத்திரி எட்டு மணிக்கு மேல் பின்கதவுச் சாவி யாரிடம் இருக்கும் என்பதெல்லாம் தெரியாது. அங்கேயே இருப்பவர்களுக்கு இவை சொல்லவே தோன்றாத அளவுக்குப் பழகிப்போன விஷயங்கள். நாம் கேட்காவிட்டால் அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: படிப்பு நம்மோடு வரும், அறையைப் பற்றிய அறிவு வராது. அதை அங்கே போய்க் கேட்டுத்தான் வாங்கவேண்டும்.

இடர் வேறு, இடர்வாய்ப்பு வேறு

குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் ஷீட் அடிக்கிற வீடுகளில் பார்மிக் ஆசிட் கேன் இருக்கும். அதன் மூடியைத் திறந்தாலே மூக்கு எரியும், தோலில் பட்டால் பொத்துப்போகும். அதே ஆசிட்டை நிறையத் தண்ணீரில் கொஞ்சமாகக் கலந்து பாலில் விட்டால் பால் உறைகிறது, அவ்வளவுதான். கேனை உயரத்தில் வைத்தால் ஒரு மாதிரி, தரையோடு ஒதுக்கி வைத்தால் ஒரு மாதிரி. பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் வைத்தால் நிலைமை முழுக்க வேறு.

ஒரு பொருளுக்குத் தீங்கு செய்யும் தன்மை இருப்பதை இடர் என்கிறோம். அந்தத் தீங்கு உங்களை வந்து சேர எவ்வளவு வழியிருக்கிறது, சேர்ந்தால் எவ்வளவு பாதிக்கும் என்பது இடர்வாய்ப்பு. ஆசிட்டின் இடரை நம்மால் மாற்ற முடியாது. இடர்வாய்ப்பை மாற்றலாம். பாதுகாப்பு விதிகள் எல்லாமே இந்த இரண்டாவதைக் குறைப்பதற்காக எழுதப்பட்டவை.

நம் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே இதைத் தெளிவாகக் காட்ட ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற தாது இருக்கிறது. அதில் தோரியம் இருப்பதால் கதிர்வீச்சு உண்டு. அந்த மணலை ஆராய வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மணல் பையைத் தொடவே பயப்படுவதைப் பார்த்திருக்கிறேன். அதே ஆள், அந்த மணலைக் கரைப்பதற்காகச் சூடான அடர் கந்தக அமிலத்தைக் கண்ணாடி போடாமல் கையாள்வதையும் பார்த்திருக்கிறேன். தோரியம் விடும் ஆல்ஃபா கதிர் தோலின் மேல்படலத்தைத் தாண்டாது. கைப்பிடி மணலைக் கொஞ்ச நேரம் கையாளுவதைவிட, அதைத் தூளாக அரைக்கும்போது பறக்கிற பொடி நுரையீரலுக்குள் போவதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். அதையும்விட உடனடியான ஆபத்து அந்தச் சூடான அமிலம். பயம் ஓரிடத்திலும் ஆபத்து வேறிடத்திலும் இருந்தால் மனிதர்கள் தப்பான பக்கம் கவசம் போட்டுக்கொள்வார்கள்.

இடர்வாய்ப்பைக் குறைக்க ஒரு வரிசை இருக்கிறது. முதலில், அந்த ஆபத்தான பொருள் இல்லாமலே வேலையை முடிக்க முடியுமா என்று பார்ப்பது. முடியாவிட்டால் அதைவிடச் சாதுவான ஒன்றை மாற்றிப் போடுவது. அதுவும் முடியாவிட்டால் பொருளுக்கும் நமக்கும் நடுவே ஒரு கருவியை, காற்றுறிஞ்சியையோ கண்ணாடித் தடுப்பையோ, வைப்பது. அதற்கப்புறம்தான் வேலை செய்யும் முறை: தனியாகச் செய்யாதே, சிறிய அளவில் செய், இந்த நேரத்தில் செய்யாதே என்பவை. எல்லாவற்றுக்கும் கடைசியில் கோட்டும் கையுறையும் கண்ணாடியும். அந்த மாணவி வாங்கி வைத்திருந்தது எல்லாம் இந்தக் கடைசிப் படியில் உள்ளவை. அவை வேண்டும், கட்டாயம் வேண்டும். மேலே உள்ள நான்கும் கைவிட்டுப் போனால் மிச்சமிருக்கும் ஒரே துணி அது என்று தெரிந்து போட்டுக்கொள்ள வேண்டும்.

அந்தத் துணியும் எப்போது கைவிடும் என்பதற்கு உலகமே பாடமாக வைத்திருக்கும் ஒரு நிகழ்வு உண்டு. அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் கேரன் வெட்டர்ஹான் என்ற வேதியியல் பேராசிரியர், 1996 ஆகஸ்டில் டைமெத்தில் மெர்க்குரி என்ற பாதரசச் சேர்மத்தைக் கையாண்டார். விதிப்படிதான் செய்தார். லேட்டக்ஸ் கையுறையும் போட்டிருந்தார். சில துளிகள் கையுறைமேல் விழுந்தன. மாதங்கள் கழித்துத்தான் நோய் தெரிந்தது. 1997 ஜூனில் இறந்துபோனார். அப்புறம் சோதித்துப் பார்த்தபோது, அந்தத் திரவம் அப்படிப்பட்ட கையுறையை 15 விநாடிக்குள் ஊடுருவிவிடும் என்று தெரியவந்தது.

லேட்டக்ஸ் என்பது நம் ஊர் மரத்துப் பால்தான். பெட்ரோலில் விழுந்த ரப்பர் வாஷர் ஊதிப்போய்க் கிடப்பதை இங்கே யாரும் பார்த்திருப்பார்கள். தண்ணீரைத் தடுக்கிற ரப்பருக்குள் சில திரவங்கள் சத்தமில்லாமல் நுழைந்துவிடும். எந்தக் கையுறை எந்தத் திரவத்தை எத்தனை நிமிடம் தாங்கும் என்பதற்குத் தயாரிப்பாளர்கள் பட்டியலே தருகிறார்கள். போகிற இடத்தில் நீலக் கையுறைப் பெட்டி ஒன்று மேசைமேல் இருக்கும், எல்லோரும் அதிலிருந்தே எடுத்துப் போடுவார்கள். நீங்கள் அந்தப் பட்டியலைக் கேளுங்கள்.

இன்னொன்று, பாதுகாப்புத் தகவல் தாள். ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் அதை விற்பவர் தரவேண்டிய தாள் இது. பெரும்பாலான நாடுகளில் ஒரே ஒழுங்கில் 16 பகுதிகளாக இருக்கும். பதினாறையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். 2-இல் என்ன இடர், 4-இல் முதலுதவி, 5-இல் தீயணைப்பு, 6-இல் சிந்தினால் என்ன செய்வது, 8-இல் என்ன அணிவது. இந்த ஐந்தையும் வேலை தொடங்குமுன் படியுங்கள். சிந்தின பிறகு தாளைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

புகைப்புரையும் ஃபியூம் ஹூடும்

ரப்பர் ஷீட்டைக் காயவைக்கப் புகைப்புரையில் தொங்கவிடுகிறோம். புகை மேலே ஏறி வெளியே போகிறது. எல்லா ஆவியும் இப்படி மேலே ஏறிப் போய்விடும் என்ற எண்ணம் நமக்குள் எப்படியோ படிந்துவிட்டது. சூடான புகைக்குத்தான் அது சரி. ஆய்வகத்துக் கரைப்பான்களின், அதாவது பொருள்களைக் கரைக்கப் பயன்படும் அசிட்டோன், ஈதர் போன்ற திரவங்களின், ஆவி பெரும்பாலும் காற்றைவிடக் கனமானது. ஈதர் ஆவி காற்றைப்போல் இரண்டரை மடங்கு கனம். அது மேசையிலிருந்து வழிந்து தரையோடு ஊர்ந்து போகும். நாலு அடி தள்ளி எங்கோ ஒரு ஹீட்டர் எரிந்தால் அங்கே தீப்பிடித்து, வந்த வழியே திரும்பி பாட்டிலுக்கு வரும். வீட்டில் கேஸ் கசிந்தால் அது தரையில்தான் தங்கும் என்று சொல்வார்களே, அதே கதை.

எந்தத் திரவம் எவ்வளவு சுலபமாக இப்படிப் பற்றும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. திரவத்தின் மேல் ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி சேர்கிற மிகக் குறைந்த வெப்பநிலைக்குப் பற்றுநிலை என்று பெயர். மண்ணெண்ணெய்க்கு அது 38 டிகிரிக்கு மேல். அசிட்டோனுக்கு மைனஸ் 20 டிகிரியை ஒட்டி. ஈதருக்கு மைனஸ் 45. நம் ஊர் மழைக்காலத்தின் குளிர்ந்த விடியற்காலையில்கூட அசிட்டோன் பற்றத் தயாராகத்தான் இருக்கும்.

இதற்குத்தான் ஃபியூம் ஹூட். முன்பக்கத் திறப்பு வழியாக அறைக் காற்றை உள்ளே இழுத்து, ஆவியோடு சேர்த்துக் குழாய் வழியே கட்டடத்துக்கு வெளியே தள்ளும் பெட்டி. திறப்பில் காற்றின் வேகம் விநாடிக்குச் சுமார் அரை மீட்டர்தான், மெல்லிய விசிறிக் காற்று மாதிரி. கண்ணாடிக் கதவை முழுக்கத் தூக்கிவிட்டாலோ, உள்ளே பாட்டில்களை அடுக்கி வழியை அடைத்தாலோ, பக்கத்தில் ஒருவர் விறுவிறுவென்று நடந்தாலோகூட அந்த இழுப்பு குலையும். வேலையைத் திறப்பிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளிச் செய்யவேண்டும். தலை எப்போதும் வெளியே.

இங்கே விருந்தினர்கள் அடிக்கடி ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் மூன்று பெட்டிகள் உண்டு. லேமினார் ஃப்ளோ என்பது வடிகட்டிய சுத்தக் காற்றை உங்கள் முகத்தை நோக்கித் தள்ளும். அது உங்கள் சாம்பிளைக் காப்பாற்றும், உங்களைக் காப்பாற்றாது. பயோசேஃப்டி கேபினெட் கிருமிகளிடமிருந்து உங்களையும் சாம்பிளையும் காக்கும். ஆனால் அதன் ஹெப்பா வடிகட்டி துகளைத்தான் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. கொசுவலை கொசுவைத் தடுக்கும், சாம்பிராணிப் புகையைத் தடுக்குமா? கரைப்பான் ஆவிக்கு ஃபியூம் ஹூட் ஒன்றுதான் வழி. புது இடத்தில் “ஹூட்ல வச்சு பண்ணு” என்று யாராவது சொன்னால் எந்தப் பெட்டியைச் சொல்கிறார்கள் என்று தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

கள்ளக்கடல் போல வரும் வாயு

திரவ நைட்ரஜனை இப்போது பல ஆய்வகங்களில் பார்க்கலாம். மைனஸ் 196 டிகிரி. பார்ப்பதற்கு அழகாக வெண்புகை விடும். கையில் பட்டால் வெந்துவிடும் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள், அது நல்லதுதான். பெரிய ஆபத்து வேறு. ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயு ஆகும். லிஃப்ட் ஒன்றின் உள்ளே சுமார் 5,000 லிட்டர் காற்று இருக்கும் என்று வையுங்கள். அதற்குள் ஐந்து லிட்டர் சிந்தினால் 3,500 லிட்டர் நைட்ரஜன் எழுந்து மூச்சுவிடும் காற்றை வெளியே தள்ளிவிடும்.

நைட்ரஜன் விஷமில்லை, நாம் சுவாசிப்பதில் பெரும்பகுதி அதுதான். அதற்கு மணமோ நிறமோ இல்லை. மூச்சுமுட்டுகிற உணர்வு நமக்கு வருவது உடம்பில் கரியமில வாயு சேர்வதால்தான். ஆக்சிஜன் குறைந்ததை உடம்பு அப்படி உணர்த்தாது. நைட்ரஜன் நிறைந்த அறையில் கரியமில வாயு வழக்கம்போல வெளியேறிக்கொண்டே இருக்கும். ஆகவே எந்த முட்டலும் இல்லாமல், தலைசுற்றலைக்கூடச் சரியாக உணராமல் ஆள் சரிந்து விழுவார். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம் இருக்கவேண்டும். 19.5-க்குக் கீழே இறங்கினால் கருவி கத்தும். நம் உடம்பு கத்தாது.

பழைய கிணற்றில் தூர்வார இறங்குமுன் நம் பெரியவர்கள் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு அணைந்தால் இறங்கமாட்டார்கள். (ஆய்வகத்தில் இதைச் செய்யவே கூடாது, அங்கே பற்றும் வாயுவும் இருக்கலாம். அங்கே ஆக்சிஜன் மீட்டர்தான்.) கிணற்றுச் சாவுகளில் நம்மை உலுக்குவது எண்ணிக்கை. முதலில் ஒருவர் மயங்குவார். அவரைத் தூக்க அண்ணன் இறங்குவார், அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர். கழிவுநீர்த் தொட்டிகளிலும் இதே கதைதான். பாசத்தால் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்கிறார்கள். ஆய்வகத்தில் ஒருவர் காரணம் தெரியாமல் விழுந்து கிடந்தால் உள்ளே ஓடாதீர்கள். கதவைத் திறந்துவிடுங்கள், சத்தம் போடுங்கள், ஆள் சேருங்கள், மூச்சுக்கருவியோடு வருபவரை அழையுங்கள். எழுதும்போதே மனசு கேட்கவில்லை, நிற்பதற்கு ஓடுவதைவிட அதிக மனத்திடம் வேண்டும். இரண்டாவது ஆளாக நீங்களும் விழுந்தால் அவரைக் காப்பாற்ற வருகிறவருக்கு வேலை இரண்டாகிவிடும்.

திரவ நைட்ரஜன் பாத்திரத்தை லிஃப்டில் தனியே அனுப்புங்கள். ஆள் கூடப் போகக்கூடாது. மேல்தளத்தில் ஒருவர் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும்.

கழிவு பாட்டில்

கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகப் போட்டால் குளோரின் வாயு வரும் என்பது பல வீடுகளில் இருமி இருமிக் கற்றுக்கொண்ட பாடம். ஆய்வகக் கழிவும் அப்படியே. நைட்ரிக் அமிலக் கழிவை அசிட்டோனோ ஆல்கஹாலோ இருந்த பாட்டிலில் ஊற்றி மூடினால், கொஞ்ச நேரம் கழித்து, நீங்கள் ஹாஸ்டலுக்குப் போன பிறகு, அது வெடிக்கலாம். லேபிள் இல்லாத பாட்டிலில் எதையும் ஊற்றாதீர்கள். உங்கள் பாட்டிலை லேபிள் இல்லாமல் விட்டுவிட்டு ஊர் திரும்பாதீர்கள்.

கண்ணில் பட்டால்: முதல் பத்து விநாடி

இதை மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நான் நேரில் பார்த்தது.

வெகு வருடங்களுக்கு முன், நான் வேலைக்குப் புதிது. வெளியூரிலிருந்து வந்த ஆய்வாளர் ஒருவர் காஸ்டிக் பொட்டாஷ் என்ற காரத்தின் கரைசலைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். மூடி தெறித்து இடது கண்ணில் பட்டது. அவர் பதறவில்லை. “ஐ வாஷ் எங்க?” என்று கண் கழுவும் குழாயைக் கேட்டார். எங்களுக்கு இடம் தெரியும், ஓடினோம். போய்ப் பார்த்தால் அதற்கு முன்னால் அன்று காலை வந்திறங்கிய கண்ணாடிச் சாமான் அட்டைப்பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. இழுத்துத் தள்ளி அழுத்தினால் துருப்பிடித்த செந்தண்ணீர் வந்தது. ஒரு அட்டெண்டர் அண்ணாச்சிதான் அவரைத் தோளோடு பிடித்து வராண்டா வாஷ்பேசினுக்குக் கொண்டுபோய், மக்கில் மொண்டு மொண்டு தண்ணீர் விட்டார். “கண்ணத் தெற மக்களே, தெறந்து வையி” என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தது இன்னும் காதில் இருக்கிறது. பார்வை பிழைத்தது, பல வார வைத்தியத்துக்குப் பிறகு.

காரம் அமிலத்தைவிடக் கண்ணுக்குக் கொடியது. காரணம் எளிது. காஸ்டிக் சோடாத் தண்ணீரைத் தொட்டால் விரல் வழுவழுவென்று ஆகும். அந்த வழுவழுப்பு, நம் தோலின் கொழுப்பே சோப்பாக மாறுவதால் வருவது. அமிலம் பட்ட இடத்தில் திசுவை உறையவைத்து, அந்த உறைவே ஓரளவு தடுப்பாக நின்றுவிடும். காரம் கரைத்துக்கொண்டே உள்ளே போகும். ஒவ்வொரு விநாடியும் அது இன்னும் ஆழமாகப் போகிறது.

அதனால்தான் கண் கழுவும் குழாய் பத்து விநாடியில் போய்ச்சேரும் தூரத்தில், தடையில்லாத வழியில் இருக்கவேண்டும் என்றும், குறைந்தது 15 நிமிடம் கழுவவேண்டும் என்றும் விதி வைத்திருக்கிறார்கள். பதினைந்து நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். வலி குறைந்ததும் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுவதே வழக்கம், அது கூடாது. இமையை விரலால் பிரித்துப் பிடிக்கவேண்டும். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழுவிக்கொண்டே எடுக்கவேண்டும், எடுத்துவிட்டுக் கழுவலாம் என்று நிற்கக்கூடாது. காரம் பட்டால் வினிகர் விடு, அமிலம் பட்டால் சோடா விடு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒன்றையொன்று முறிக்கும்போது சூடு பிறக்கும், தேடுவதில் நேரமும் போகும். தண்ணீர், உடனே, நிறைய. உடம்பில் கொட்டினாலும் அதேதான். நனைந்த உடையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஷவரின் கீழே நில்லுங்கள், வெட்கம் பார்க்கிற நேரமில்லை. ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்துக்கு மட்டும் கழுவியதோடு கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லும் வேண்டும். அந்த அமிலம் இருக்கிற ஆய்வகத்தில் அந்த ஜெல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

நம் ஊருக்கென்று ஒரு கூடுதல் சங்கதி. ஐ வாஷுக்கு மொட்டைமாடி டேங்கிலிருந்து தண்ணீர் வந்தால் ஏப்ரல் மத்தியானத்தில் அது கண்ணை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். வந்த முதல் நாளே திறந்து கையை நீட்டிப் பாருங்கள்.

இதுவரை: இடம் தெரியவேண்டும், வழி திறந்திருக்கவேண்டும், தண்ணீர் சுத்தமாக வரவேண்டும், பதினைந்து நிமிடம் நிற்கவேண்டும்.

தீப்பிடித்தால்

சிவப்பு சிலிண்டர் எல்லாம் ஒன்றில்லை. கரைப்பான் தீயில் தண்ணீரை அடித்தால், பல கரைப்பான்கள் தண்ணீர்மேல் மிதந்து, தீ தண்ணீரோடு சேர்ந்து ஓடும். கரியமில வாயு அணைப்பான் கரைப்பானுக்கும் மின்கருவிக்கும் நல்லது. சோடியம், மக்னீசியம் மாதிரி உலோகத் தீக்கு அது ஆகாது. மக்னீசியம் கரியமில வாயுவுக்குள்ளேயே எரியும். அதற்கு உலர்ந்த மணல் அல்லது அதற்கென்றே உள்ள பொடி.

சிறிய அணைப்பான் பெரும்பாலும் அரை நிமிடம்கூட வராது. ஆகவே இரண்டே கேள்விகள்: தீ ஒரு குப்பைக்கூடை அளவுக்குள் இருக்கிறதா, உங்களுக்குப் பின்னால் வாசல் திறந்திருக்கிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் மட்டும், யாரையாவது அலாரம் அடிக்கச் சொல்லிவிட்டு, முயலுங்கள். இல்லையென்றால் கதவைச் சாத்திவிட்டு வெளியேறுங்கள். நோட்டுப் புத்தகம், லேப்டாப், ஆறு மாதச் சாம்பிள் எதற்காகவும் திரும்பிப் போகாதீர்கள். கூடுமிடத்தில் போய் நில்லுங்கள். விருந்தினரின் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்காது. நீங்கள் வெளியே வந்துவிட்டீர்கள் என்று யாரிடமும் சொல்லாமல் டீக்கடைக்குப் போய்விட்டால், உங்களைத் தேடி ஒருவர் தீக்குள் போவார்.

112-க்கோ, ஆம்புலன்சுக்கு 108-க்கோ பேசும்போது கட்டடத்தின் பெயர், எந்த வாசல், என்ன வேதிப்பொருள், எத்தனை பேர் என்று சொல்லுங்கள். வெளியூர்க்காரருக்குக் கட்டடத்தின் பெயரே தெரியாமல் போவது சகஜம். முதல் நாளே அதை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் போனுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் போனால்

இரண்டு பருவமழையும் வாங்குகிற மாவட்டம் இது. மழையில் கரண்ட் போவதும் வருவதும் நமக்குப் பழக்கம். போன உடனே ஃபியூம் ஹூட் நின்றுவிடும், உள்ளே கொதித்துக்கொண்டிருப்பது நிற்காது. வெப்பத்தை அணைத்து, பாட்டில்களை மூடி, ஹூடின் கண்ணாடிக் கதவை இறக்கிவிட்டு வெளியே வரவேண்டும். திரும்பி வருகிற கரண்டையும் மறக்கக்கூடாது. சுவிட்சை அணைக்காமல் விட்டுவிட்டுப் போன ஹீட்டர் ராத்திரி இரண்டு மணிக்கு ஆளில்லாத அறையில் தானாகச் சூடாகத் தொடங்கும். கடலோர ஆய்வகம் என்றால் உப்புக்காற்று வேறு. கேஸ் ரெகுலேட்டரின் திருகும், பிளக்கின் முள்ளும் அரித்துப்போயிருக்கும். கண்ணால் பார்த்துவிட்டுக் கையை வையுங்கள்.

விருந்தாளி எப்படிச் சொல்வது?

கடைசியாக ஒன்று, எனக்கு மனத்தில் மிகவும் உறுத்துவது. வந்த இடத்தில் குறை சொல்லக்கூடாது என்பது நம் வளர்ப்பு. சோற்றில் கல் கிடந்தாலும் ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிடுவோம். ஆய்வகத்தில் அந்த மரியாதை ஆளைக் கொல்லும்.

2016 மார்ச்சில் ஹவாய் பல்கலைக்கழகத்தில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கரியமில வாயுவும் கலந்த தொட்டி வெடித்து, பின்முனைவர் ஆய்வாளர் ஒருவர் ஒரு கையை இழந்தார். நிலைமின்சாரப் பொறி பட்டு வெடித்தது என்று விசாரணை கண்டறிந்தது. கருவியைத் தொடும்போது சுருக்கென்று ஷாக் அடிப்பதை அவர் முன்பே சொல்லியிருந்தார். அது பெரிதாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. அவர் சொன்னார், கேட்டவர்கள் வேலையை நிறுத்தவில்லை. நம்மில் பலர் சொல்வதற்கே வாய் திறக்கமாட்டோம்.

விபத்து நடக்காமல் நூலிழையில் தப்பியதை தப்பிய நிகழ்வு என்பார்கள். மூடி தெறித்தது, யார்மேலும் படவில்லை. சிலிண்டர் சாய்ந்தது, சுவரில் நின்றுவிட்டது. இவற்றைச் சொல்வது புகார் இல்லை. முகத்துவாரத்தில் மணல் ஏறியிருப்பதைப் பார்த்தவன் பின்னால் வருகிற படகுக்குக் கை காட்டுவது மாதிரி. “அண்ணா, இந்த சிலிண்டருக்குச் சங்கிலி இல்லியே, ஒண்ணு கட்டிரலாமா?” என்று கேட்டால் யாரும் கோபப்படுவதில்லை. கோபப்பட்டாலும் கேளுங்கள். சொல்லியும் சரிசெய்யவில்லை என்றால் அந்த வேலையை அன்று தொடங்காதீர்கள். இரண்டு மாத புராஜெக்டில் ஒரு நாள் போனால் போகட்டும்.

இதெல்லாம் கேட்டுவிட்டு அந்த மாணவி அந்த வெளியூர் ஆய்வகத்துக்குப் போனாள். போன அன்று சாயங்காலமே போன் செய்தாள். முதல் நாள் சுற்றிக்காட்டச் சொல்லிக் கேட்டாளாம், அங்கிருந்த ஒரு அக்கா கூட்டிக்கொண்டு போய் வால்வு, பின்கதவு, அணைப்பான் எல்லாம் காட்டினாளாம். “ஐ வாஷ் எங்க பெஞ்ச்ல இருந்து வலது பக்கம் சார். கண்ண மூடிக்கிட்டு நடந்து பாத்தேன். பதினாலு எட்டு. நடுவுல ஒரு ஸ்டூல் கெடந்துச்சு, எடுத்து மாத்தி வச்சிட்டேன்” என்றாள்.